ஸ்டீபன் வீட்டுச் சுவரில் என் மனைவி

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் மனைவியைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, ஸ்கூட்டரில் என் கால்களுக்கு நடுவே நிற்க வைத்து, ஊரிகத்திலிருந்து சாம்பியன் ரீப்ஸ் வரை கொண்டுபோனேன். ஸ்டீபன் வீட்டில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கையோடு ஒரு சுத்தியல், சில ஆணிகள், ஒரு ரசமட்டம்.

படத்தைச் சொல்கிறேன். கிரேஸ் தன் முகத்தைத் தானே பென்சிலால் வரைந்து, சட்டம் போட்ட படம். அசல் கிரேஸ் வீட்டில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பயணத்துக்கு உத்தரவு போட்டவளே அவள்தான்.

ரயில்வே கேட்டில் நின்றபோது விரிப்பு காற்றில் விலகி, நெற்றியும் ஒரு கண்ணும் வெளியே வந்துவிட்டன. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கிரேஸ் டீச்சர்தான இது? எங்க எடுத்துக்கினு போறீங்க?"

ஒற்றைக் கண்ணை வைத்தே அவளைக் கண்டுபிடித்தவர், முழு முகத்தோடு உட்கார்ந்திருந்த என்னை யாரென்று கேட்கவில்லை. விரிப்பை இழுத்து மூடினேன். உள்ளே அவள் சிரித்திருப்பாள்.

கண்ணாடி கொண்டு வரவும்

எங்கள் சபையைச் சேர்ந்த நிவேதா என்ற பெண் பெங்களூரில் ஒரு டிசைன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாரம் முழுக்க காலை ரயிலில் நின்றுகொண்டே போய், மாலை ரயிலில் நின்றுகொண்டே வருகிறவள். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை தூங்காமல், ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் வயதானவர்களுக்குப் படம் வரையக் கற்றுத்தர ஏன் முன்வந்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கிரேஸ் முதல் வாரமே சேர்ந்தாள். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பென்சில் சீவியே பாதி ஆயுளைக் கழித்தவள். நான் இரண்டாம் வாரம் சேர்ந்தேன். காரணம், முதல் வாரமே ஸ்டீபனும் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஸ்டீபன் எங்கள் சபைக்காரர் அல்ல. கத்தோலிக்கர். "படம் போடறதுக்கு இன்னாத்துக்கு சார் சபை?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, கிரேஸுக்கு நேர் எதிரே பெஞ்சைப் பிடித்திருந்தார். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக, ஆட்கள் போகிற கூண்டை ஏற்றி இறக்குகிறவராக இருந்தவர். மனைவி ரோஸி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. மீசையை மட்டும் இன்னும் ஷிப்டுக்குப் போகிறவர் போல வைத்திருக்கிறார்.

கடைசிப் பாடம், அவரவர் முகத்தை அவரவர் வரைவது. "கண்ணாடி கொண்டு வரவும்" என்று வாட்ஸப்பில் செய்தி. நான் சவரக் கண்ணாடியை அதன் ஸ்டாண்டோடு கொண்டுபோனேன். கிரேஸ் பீரோவில் கிடந்த ஒரு சதுரக் கண்ணாடி. ஸ்டீபன் தன் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அது வளைந்த கண்ணாடி. அதில் மூக்கு முதலில் வரும், ஆள் பிறகு வருவார்.

நிவேதா பலகையில் வரைந்து காட்டினாள். "ஃபர்ஸ்ட் தலைய முட்டை மாதிரி போடுங்க. கரெக்டா பாதில ஒரு லைன். அதான் ஐ லெவல். அஷ்டே, அவ்ளோதான்."

ஸ்டீபன் கையைத் தூக்கினார். "எத்தனாவது லெவல் மா?"

கூடமே சிரித்தது. வெளியூர் வாசகர்களுக்காக: எங்கள் ஊரில் லெவல் என்றால் சுரங்கத்தில் கிடையாகப் போகும் பாதை. மேலிருந்து எண்ணிக்கொண்டே கீழே போக வேண்டும். பெங்களூர் டிசைன் கம்பெனியில் இதை யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். நிவேதா மட்டும் விழித்துக்கொண்டு நின்றாள். கிரேஸ் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது.

இதைவிடத் தரமான வேடிக்கைகளை நான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி ஒருமுறையும் இறங்கியதில்லை.

ஆனால் அந்தக் கேள்வி வேடிக்கையோடு நிற்கவில்லை. சுரங்கத்தில் வேலை செய்த எல்லோரும், செங்குத்துக் குழியான ஷாஃப்ட்டை இறக்குகிற மாதிரிதான் முகத்தை வரைந்தார்கள். மேலே முடியில் ஆரம்பம். அப்புறம் நெற்றி, புருவம், கண், மூக்கு. வாய்க்கு வரும்போது காகிதம் தீர்ந்துவிட்டது. நிவேதா தலையில் கை வைத்துக்கொண்டாள். நடுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் புத்தியில் ஏறவே இல்லை.

ஸ்டீபன் அசரவில்லை. இன்னொரு காகிதத்தைக் கீழே ஒட்டி, தாடையை அதில் இறக்கினார். "கீழ எவ்ளோ போவும்னு மேலயே நின்னுக்கினு சொல்ல முடியுமா டீச்சர்?" என்று கிரேஸிடம் நியாயம் கேட்டார். சொன்னவர் கூண்டை ஏற்றி இறக்கியவர். ஒரு அடி ஷாஃப்ட்கூட தோண்டியவர் அல்ல. அதை யாரும் கவனிக்கவில்லை.

நான் சர்வே ஆபீஸில் தலைமை டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். பூமிக்கடியில் போகிற பாதை ஒவ்வொன்றும் என் கையால் காகிதத்தில் ஏறியது. எனவே முறைப்படி கட்டம் போட்டேன். நெற்றி, மூக்கு, காது எல்லாவற்றையும் டிவைடரால் அளந்து பாதி அளவில் இறக்கினேன். வலது கீழ் மூலையில் பெயர், தேதி, அளவு, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று பெட்டி கட்டினேன். வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது என்பது விதி. கிரேஸிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"மூக்கு சரியில்ல," என்றாள்.

"அளந்து போட்டது."

"அதனாலதான்."

நிவேதா வந்து பார்த்தாள். "சூப்பர் அங்கிள். ஆதார் கார்டு மாதிரியே இருக்கு," என்றாள். அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு கிரேஸின் பெஞ்சுக்குப் போனாள். திரும்பி, "எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க வாங்க," என்றாள்.

கழுத்துச் சுருக்கத்தைக்கூட கிரேஸ் மறைக்கவில்லை. மூக்குக்கண்ணாடி நுனியில் நிற்கிறது. அதற்கு மேலாக ஒரு பார்வை, ஒரு புருவம் கொஞ்சம் தூக்கி. தப்பான விடையைத் தைரியமாகச் சொல்கிற பையனை அவள் அப்படித்தான் பார்ப்பாள். நானும் அந்தப் பார்வையை நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் படத்தில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரப்போகிறது. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது.

எனக்கு வந்த பார்வைகளில் அந்த உதட்டோரம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஸ்டீபன் தன் தாடைக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி, மற்றவர்கள் கலைந்த பிறகும் அங்கேயே நின்றார். "பேசிடும் போல கீது டீச்சர்," என்றார்.

ஜெபத்தில் வராத பெயர்

ஸ்டீபன்மேல் எனக்கு இருக்கும் எரிச்சல் இந்த வகுப்பில் பிறந்ததல்ல. அதற்கு நல்ல வயதாகிறது.

வைண்டிங் டிரைவர் என்பவர் மேலே ஒரு பெரிய கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர். அவர் கையில் ஒரு நெம்புகோல். கீழே மணி அடிக்கும். மூன்று முறை அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். கூண்டு நிறைய உயிர் அவர் கையில் தொங்கும். அவர் தும்மினால்கூட கீழே தெரியும் என்பார்கள்.

அதனால் தொழிலாளர்கள் இருந்த லைன் வீடுகளில் அவருக்கு இருந்த மரியாதை மேனேஜருக்கும் இல்லை. கிறிஸ்துமஸ் கேக் முதலில் அவர் வீட்டுக்குப் போகும். பொங்கலுக்கு அடுத்த தெருவிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் வரும். புருஷன் இரவு ஷிப்டுக்குப் போன வீடுகளில் ஜெபம் பண்ணும்போது அவர் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். "ஆண்டவரே, ஸ்டீபன் அண்ணன் கையத் தாங்கும்."

டிராஃப்ட்ஸ்மேன் பெயர் எந்த ஜெபத்திலும் வந்ததில்லை. நான் ஒரு கோட்டைத் தப்பாகப் போட்டிருந்தால் இரண்டு பாதைகள் தவறான இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். நான் போடவில்லை. போடாத தப்புக்கு யார் ஜெபிப்பார்கள்?

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், ஒரு மாலை சைரன் கூவியது. கீழே பாறை வெடித்திருந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். கிரேஸும் ஓடினாள். நான் ஆபீஸில் மேஜைமுன் உட்கார்ந்து, மீட்புக்குப் போகிறவர்களுக்கு வரைபடம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "ஸ்டீபன் கூண்ட எவ்ளோ பதமா ஏத்தனாரு தெரியுமா?"

வரைபடத்தை எவ்வளவு பதமாக எடுத்துக்கொடுத்தேன் என்று நானே எப்படிச் சொல்ல முடியும்?

குலுக்கல்

கடைசி வகுப்புக்கு நிவேதா எல்லாப் படங்களையும் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். ஸ்டீபனின் படத்துக்கு மட்டும் நீளமான சட்டம்.

"யாரும் அவங்கவங்க படத்த எடுத்துட்டுப் போகக் கூடாது," என்றாள். "இன்னொருத்தர் முகத்த உங்க வீட்ல மாட்டுங்க. ஒரு மாசம். டெய்லி பாருங்க. அப்பறம் என்ன தெரிஞ்சுதுன்னு வந்து சொல்லுங்க."

அவள் முடிப்பதற்குள் ஸ்டீபன் கிரேஸின் படம் இருந்த மேஜையை நோக்கி நகர ஆரம்பித்திருந்தார். நான் எழுந்தேன்.

"அவரவர் இஷ்டத்துக்கு எடுத்தால் மனக்கசப்பு வரும். குலுக்கல் போடுவதுதான் முறை."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முறை என்று நான் சொன்னால் ஊரில் பொதுவாக ஒப்புக்கொண்டுவிடுவார்கள். எதிர்த்தால் கூட்டம் நீளும் என்று தெரியும். சீட்டுகளை ஒரே அளவில் நானே கிழித்தேன். ஒரே மாதிரி மடித்தேன். பிஸ்கட் டப்பாவில் போட்டேன். விதிகளையும் அறிவித்தேன். எடுத்த சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது. மாதம் முடியும்வரை படத்தை இறக்கக் கூடாது. ஒரே வீட்டுக்காரர்கள் ஒருவர் படத்தை ஒருவர் எடுத்தால் சீட்டு திரும்ப டப்பாவுக்குள் போகும். இந்தக் கடைசி விதியை யாரும் கேட்கவில்லை. இல்லாவிட்டால் என்னைப் பட்சபாதி என்பார்களே என்று நானாகச் சேர்த்தேன்.

டப்பாவில் கையை விட்டு நான் எடுத்த முதல் சீட்டு கிரேஸ்.

"அங்கிள், அது உள்ள போகணும்ல?" என்றாள் நிவேதா.

உள்ளே போட்டேன். மறுபடி எடுத்தேன். ஸ்டீபன்.

அடுத்து ஸ்டீபன் கையை விட்டார். சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு மீசையைத் தடவினார். வாயைத் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை. என் ஆதார் கார்டு நிவேதாவுக்கு விழுந்தது. பெங்களூரில் ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறாளாம். உடன் வேலை பார்ப்பவர்கள், "இவர் காணாமல் போனவரா?" என்று கேட்டார்களாம்.

இப்படியாக, ஒட்டுப்போட்ட தாடையோடு ஸ்டீபன் எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஏற்கெனவே ஒரு ஆணி இருந்தது. கிரேஸ் அதில் மாட்டிவிட்டாள்.

காலையில் இட்லியைப் பிட்டால் ஸ்டீபன் பார்க்கிறார். செய்தித்தாளை விரித்தால் அதற்கு மேலாகப் பார்க்கிறார். வளைந்த கண்ணாடியில் பார்த்து வரைந்த மூக்கு, சாம்பாரை முகர்வது போல முன்னால் நீண்டிருக்கிறது. கிரேஸ் தூசு தட்டும்போது அவருக்கு மட்டும் இரண்டு தட்டு அதிகம். நான் எண்ணவில்லை. ஆனால் தெரியும்.

மாலையோடு வந்த பெருமாள்

மாதம் பாதிகூடப் போயிருக்காது. ஒரு காலை வாசலில் பெருமாள் நின்றார். சர்வேயில் என்னோடு அளவுச் சங்கிலி பிடித்தவர். மாரிகுப்பத்தில் இருக்கிறார். கையில் ஒரு பை, அதிலிருந்து சம்பங்கி வாசனை.

கதவைத் திறந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சார், ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா? என் பையன் பத்தாவது பாஸ் பண்ணதே அவங்களாலதான். துட்டு வாங்காம சொல்லிக் குடுத்தாங்க. தெய்வம் சார் அது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து கிரேஸ் வந்தாள். பெருமாள் என் கைகளை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போனார்.

"டீச்சர்... நீங்க கீறீங்களா?"

"கீறனே," என்றாள் கிரேஸ். "காபியா, டீயா?"

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. முந்தைய நாள் ஸ்டீபன் வீட்டு வழியாகப் போயிருக்கிறார். கதவு திறந்திருந்தது. சுவரில் ரோஸியின் படம், பக்கத்தில் கிரேஸின் படம். இரண்டையும் சேர்த்துச் சீரியல் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் சட்டம் போட்ட முகத்துக்குப் பல்பு எரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஸ்டீபன் கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"எப்படி டீச்சர் கேக்கறது? பாவம், அவரே தனியா குந்திக்கினு உங்களையே பாத்துக்கினு இருந்தாரு."

கிரேஸ் சிரிக்க ஆரம்பித்தாள். பெருமாளும் வெட்கத்தோடு சேர்ந்துகொண்டார். பிறகு எங்கள் சுவரில் ஸ்டீபனைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சார், இவர நேத்துதான நல்லா பாத்தேன்?"

நான் சிரிக்கவில்லை. தனியாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார் என்ற வாக்கியம் மனதில் மேலாக நின்றது. அதற்குக் கீழே இன்னொன்றும் நின்றது. பையிலிருந்த சம்பங்கி மாலை நல்ல கனமான மாலை. பெருமாள் என்னோடுதான் வருடக்கணக்கில் சங்கிலி பிடித்தார். எனக்கென்றால் இந்தக் கனத்தில் வாங்கியிருப்பாரா?

விதி உங்களுது

மத்தியானமே ஸ்டீபன் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கேட்டேன். "ஒரு மாசம்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார். நிலைமை மாறிவிட்டது என்றேன். ஊர் என்ன பேசும் என்றேன். அவர் வாதாடவில்லை. பல்பு ஒயரைக் கழற்றி, படத்தை எடுத்து, துண்டால் துடைத்துக் கொடுத்தார். அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் கிரேஸ் கேட்ட முதல் கேள்வி: "யாரக் கேட்டு எடுத்துக்கினு வந்தீங்க?"

"நீ செத்துப்போனதாக ஊரில் பேச்சு."

"எனக்கில்லாத கவலை உங்களுக்கு இன்னாத்துக்கு? பல்ப எடுக்கச் சொல்லி ஒரு போன் பண்ணா முடிஞ்சிது." படத்தை வாங்கி மேஜைமேல் சாய்த்து வைத்தாள். இப்போது இரண்டு கிரேஸ்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்கள். "சும்மா சொல்லுங்க. நான் அவர் வீட்டுச் சுவத்துல இருக்கறது கஷ்டமா, இல்ல உங்கள யாரும் சுவத்துல மாட்டலன்றது கஷ்டமா?"

கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். கேள்வியில் இரண்டு விடை கொடுத்தால் இரண்டும் சரியாக இருக்கும்.

நான் மேஜைமேல் படம் சாய்ந்திருந்த கோணத்தைச் சரிசெய்தேன்.

"மாசம் முடியறவரைக்கும் எறக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? விதி உங்களுது. கொண்டுபோய் நீங்களே மாட்டிட்டு வாங்க." முறுக்கு டப்பாவைத் திறந்தாள். "நேரா மாட்டுங்க. அவர் கோணலா மாட்டியிருந்தாரு."

அவர் கோணலாக மாட்டியிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். வாட்ஸப்பில் போட்டோ அனுப்பியிருப்பார். கேட்கவில்லை.

நான்கு சுவர்கள்

ஆக, நான் சொல்ல ஆரம்பித்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை. ரயில்வே கேட் திறந்தது, போய்ச் சேர்ந்தேன்.

ஸ்டீபனின் லைன் வீட்டில் முன்னறை ஒன்று. அதில் ஒரு பிரம்பு நாற்காலி. ஒன்றே ஒன்று. அது ரோஸியின் படத்தைப் பார்த்துப் போட்டிருந்தது. ரோஸிக்குப் பக்கத்தில் காலியான ஆணி.

"இங்கே வேண்டாம்," என்றேன். "குழப்பம் வருகிறது. வேறு சுவரில் மாட்டுவோம்."

"உங்க இஷ்டம் சார்."

என் திட்டம் எளிமையானது. படத்தைப் பக்கவாட்டுச் சுவருக்குக் கொண்டுபோனால் கிரேஸின் பார்வை நாற்காலியின்மேல் விழாமல் எதிர்ச் சுவருக்குப் போகும். அடிப்படை வடிவியல். ஆணி அடித்தேன், மாட்டினேன், ரசமட்டம் வைத்து நேர் பார்த்தேன்.

"உட்கார்ந்து பாருங்கள். உங்களைப் பார்க்கிறாளா?"

ஸ்டீபன் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்தார். "பாக்கறாங்க சார்."

ஜன்னல் பக்கம் மாற்றினேன்.

"பாக்கறாங்க."

நாற்காலிக்குப் பின்னால், சமையலறைக் கதவுக்கு மேலே மாட்டினேன். அவர் திரும்பி உட்கார வேண்டியிருந்தது. திரும்பினார். கொஞ்சம் கூச்சத்தோடு, "இப்பவும் பாக்கறாங்க சார்," என்றார்.

சுண்ணாம்பு உதிர்ந்து தரையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. சட்டை நனைந்துவிட்டது. ஸ்டீபன் கொடுத்த ஏணியில் நின்றபோதுதான் உறைத்தது. கண்ணாடியில் தன் கண்ணையே பார்த்து வரைந்த முகம் அது. எதிரே யார் வந்து நின்றாலும் அவரைப் பார்த்தே தீரும். எந்தச் சுவரும் அதை மாற்றாது. பூமிக்கடியில் ஒரு பாதை எங்கே திரும்பும் என்று மேலே உட்கார்ந்தே சொன்ன எனக்கு, இது மூன்று சுவரைப் பாழாக்கிய பிறகுதான் தெரிந்தது.

"டீ போடறேன் சார், எறங்கி வாங்க," என்று ஸ்டீபன் உள்ளே போனார்.

படத்தைக் கழற்றி ரோஸியின் பக்கத்திலிருந்த பழைய ஆணியிலேயே மாட்டினேன். பல்பு ஒயரைச் சுருட்டி ரோஸிக்கு மட்டும் வருகிற மாதிரி கட்டினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எதிரே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நேராக இருந்தது. பார்த்தாள். கண்ணாடிக்கு மேலாக, ஒரு புருவம் தூக்கி. உதட்டோரம் அந்தச் சிரிப்பு வரப்போகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும் என்று தோன்றியது. பொறுத்தேன்.

இரண்டு தம்ளரோடு ஸ்டீபன் வந்தார். உட்கார இடம் தேடுவது போல அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது என் சேர் சார்," என்றார்.

"தெரியும்," என்று சொல்லி, டீயை வாங்கிக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை.